கழுத்துப் புண்ணோடு வண்டி இழுக்கும் மாடு... சிகிச்சைக்கு அனுப்பும் சட்டத்துக்குப் போராடிய நடனக் கலைஞர்! யார் இந்த ருக்மிணி தேவி?

மணமேல்குடி பக்கம் ஒரு மாடு, நுகத்தடி அழுத்தின கழுத்துப் புண்ணோடு பாரவண்டி இழுக்குதுன்னு வைச்சுக்குவோம். வழக்கு போட்டா உரிமையாளருக்கு அபராதம், சரி. ஆனா அந்த மாடு என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் வரக் காரணமானவர், பரதநாட்டியத்துக்காக நமக்குத் தெரிந்த ருக்மிணி தேவி அருண்டேல்.

1904 பிப்ரவரி 29-இல் மதுரையில் பிறந்தவர். 16 வயதில் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டபோது பெரிய சர்ச்சையே வெடித்தது. 1936-இல் சென்னை அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான்.

1952-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைக்காகக் கிடைத்த பதவி. ஆனா அங்கே போய் அவர் கையில் எடுத்தது மிருகவதை விவகாரத்தை!

பழைய சட்டத்தில் என்ன குறை?

அப்போது இருந்தது 1890-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம். அது பெரும்பாலும் நகராட்சி எல்லைக்குள்தான் செல்லும். உழவு மாடும் வண்டி மாடும் இருப்பதோ கிராமத்தில்! ருக்மிணி தேவி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்ததால், மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு, ஆய்வு என்று இழுத்து, ஒருவழியாக 1960-இல் சட்டம் நிறைவேறியது.

நோயுற்ற மாட்டுக்கு என்ன வழி?

நோய், காயம், புண், முதுமையால் முடியாத விலங்கை வேலை வாங்குவதே குற்றம். முக்கியமானது 35-வது பிரிவு. இதன்படி, வழக்கில் சிக்கிய விலங்கை சிகிச்சை நிலையத்துக்கோ, கோசாலை மாதிரியான காப்பகத்துக்கோ அனுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சிகிச்சை நிலையத்துக்குப் போன மாடு தேறிவிட்டது என்று கால்நடை மருத்துவர் சான்று தராமல் வெளியே விட முடியாது. குணப்படுத்தவே முடியாது என்று அவர் சான்று கொடுத்தால், கருணைக்கொலைக்கும் இடம் உண்டு.

செலவு யார் தலையில்? உரிமையாளர்தான் கட்டணும். ஆனா அவர் ஏழை என்றால் சிகிச்சைக் கட்டணமே வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் சொல்லலாம். ஒத்தை மாட்டை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா என்ன?

சட்டத்தின்படி 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. வயதாகி யாருக்கும் வேண்டாமல் போன விலங்குகளுக்குக் காப்பகங்கள் உருவாக ஊக்கம் தருவதும் வாரியத்தின் வேலை. கடைசி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அவர் பெயரைச் சொன்னபோது, வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கே இடிக்குது?

முதல் தடவை குற்றத்துக்குச் சட்டத்தில் சொன்ன அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகள் அது அப்படியேதான் இருந்தது. டீ, வடைக் காசுக்கு யார் பயப்படுவாங்க? சிகிச்சை நிலையம் அமைப்பதும் மாநில அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டது. அனுப்ப ஓர் இடமே பக்கத்தில் இல்லைன்னா, உத்தரவு காகிதத்தோட நின்னுடும்.

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரி 24-இல் காலமானார். சென்னையில் இருந்த வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. மாடு, ஆட்டுக்கு உடம்பு முடியலைன்னா இப்போது கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் இலவச எண் 1962. வாரியம் பிறந்த ஆண்டும் அதுவே, தற்செயல்தான்!