லிஸ்டர் பிரபு: தம் சரக்கின் குறையைத் தாமே சொன்ன வைத்தியர்

சகோதரர்களே! வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின் மருந்தை நம்மில் பலர் கடையில் வைத்து விற்கிறோம். அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஜோஸப் லிஸ்டர் என்னும் ஆங்கில ரணவைத்தியரே அவர். மருந்தைச் செய்தவர் அவரல்ல. 1879-ல் அமெரிக்க டாக்டர் ஒருவர் அதைச் செய்து, லிஸ்டர்மீது கொண்ட மதிப்பால் அப்பெயரைச் சூட்டினார். இன்று ஆபரேஷனுக்குப் போகிறவர் உயிரோடு வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கையுடன் போகிறார் என்றால், அதில் லிஸ்டருக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அவர் புகழைப் பாடுவது மட்டும் நம் நோக்கமன்று. வியாபாரிகளாகிய நாம் கற்க வேண்டிய குணம் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்காகவே அவர் சரித்திரத்தைச் சொல்ல முன்வந்தோம்.

லிஸ்டர் 1827 ஏப்ரல் 5-ந் தேதி லண்டனுக்கு அருகிலுள்ள அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் மது வாணிகர். அந்த வியாபாரம் நமக்கு ஆகாதது. ஆனால் கடைவேலை முடிந்தபின் அவர் செய்த காரியம் மெச்சத்தக்கது. கண்ணாடிகளைத் தேய்த்து, மைக்ராஸ்கோப் என்னும் கருவியில் உருவங்கள் மங்கலின்றித் தெரியும்படி திருத்தினார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவரை ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞான சபை 1832-ல் தன் அங்கத்தினராக்கியது. குவேக்கர் என்னும் சிறு மதப்பிரிவினரானதால் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கலாசாலைகள் திறக்கவில்லை. ஆகவே லிஸ்டர் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் படித்து, 1852-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். மறுவருஷம் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் ஸைம் என்ற பெரிய ரணவைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார். 1856-ல் ஸைமின் மகள் ஆக்னஸை மணந்தார். அந்த அம்மையார் கணவரின் சோதனைகளுக்கு உடனிருந்து, குறிப்புகளை எழுதிக்கொடுத்து வந்தார்.

அக்காலத்து ஆஸ்பத்திரிகளின் நிலை பரிதாபமானது. ஈதர் என்னும் மயக்க மருந்து 1846-ல் வந்துவிட்டபடியால் கத்தியின் வலி போயிற்று, மரணம் போகவில்லை. ஆபரேஷன் நன்றாக முடியும், நாலைந்து நாளில் ரணம் அழுகும், நோயாளி இறப்பார். கெட்ட காற்றே காரணம் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். ரத்தக்கறை படிந்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போவார்கள்.

லிஸ்டர் தகப்பனாரிடம் கற்ற மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். தவளைக் காலின் மெல்லிய சவ்வைப் புண்படுத்தி, ரத்தக் குழாய்கள் முதலில் சுருங்குவதையும் பிறகு விரிவதையும், ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் பார்த்தார். ரணம் பட்டதும் தேகம் தானே ஒரு வேலையைத் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்து 1857-ல் எழுதினார். 1860-ல் கிளாஸ்கோ நகரில் ரணவைத்தியப் பேராசிரியரானார்.

அங்கே 1865-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டார். பண்டங்களைப் புளிக்கவும் அழுகவும் செய்பவை நுண்ணிய கிருமிகளே என்று பாஸ்டர் காட்டியிருந்தார். அப்படியானால் ரணத்தை அழுக வைப்பவையும் அவைதானே என்று லிஸ்டர் எண்ணினார். கார்லைல் என்னும் ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் ஆசிட் ஊற்றியது அவர் நினைவுக்கு வந்தது. 1865 ஆகஸ்டு 12-ந் தேதி, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால் காலை வெட்டி எடுப்பதே அன்றைய வழக்கம். லிஸ்டர் கார்பாலிக்கில் நனைத்த துணியால் ரணத்தை மூடினார். நாலு நாள் கழித்துத் திறந்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது.

அவர் கணக்கை மறைக்காமல் எழுதி வைத்தவர். இம்முறைக்கு முன்பு, 1864, 1866 ஆகிய இரு வருஷங்களில் கைகால் வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். 1867 முதல் 1869 வரை 40 பேரில் இறந்தவர் 6 பேரே. 1867-ல் தம் சொந்தச் சகோதரிக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது, தம் வீட்டிலேயே அவர் ஆபரேஷன் செய்தார். பிறருக்குச் சொன்ன வைத்தியத்தைத் தம் உடன்பிறப்புக்கும் செய்யத் துணிந்தார் அவர். ரணம் அழுகாமல் ஆறியது.

இனித்தான் முக்கியமான விஷயம். ரத்தக் குழாயை அக்காலத்தில் பட்டு நூலால் கட்டி, அதன் முனையை ரணத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். அது அழுகித் தானாக வரும்வரை தினமும் இழுத்துப் பார்ப்பார்கள். கிருமி நுழைய அதுவே வழி. லிஸ்டர் பட்டு நூலைக் கார்பாலிக்கில் ஊறவைத்து, முனையை ஒட்ட நறுக்கி உள்ளேயே விட்டார். குதிரை ஒன்றில் சோதித்தபோது தீங்கில்லை. 1868-ல் ஒரு பெண்மணிக்கு அப்படிச் செய்து ரணமும் ஆறியது. பத்து மாதம் கழித்து அவர் வேறொரு நோயால் இறந்தார். லிஸ்டர் அதோடு விட்டிருக்கலாம், கேட்பாரில்லை. ஆனால் அவர் நூல் இருந்த இடத்தைச் சோதிக்கச் செய்தார். அங்கே சிறிது சீழ் கண்டிருந்தது. தம் நூலில் குறை உண்டு என்று அவரே எழுதி வெளியிட்டார்.

பிறகு தேகத்துக்குள் கரைந்துபோகும் நூலைத் தேடினார். கேட்கட் என்னும் நூல் கிடைத்தது. ஆங்கிலப் பெயரில் பூனை இருந்தாலும் அது ஆட்டுக்குடலில் செய்வது. 1868 டிசம்பர் 31-ந் தேதி, அப்டனில் தகப்பனார் வீட்டில், ஒரு கன்றின் கழுத்து ரத்தக் குழாயை அந்நூலால் கட்டினார். 30 நாள் கழித்துப் பார்த்தபோது நூல் அப்படியே இருப்பதுபோல் தோன்றவே மனம் சோர்ந்தார். உற்றுப் பார்த்தால் அது நூலல்ல! நூல் மறைந்த இடத்தில் உயிருள்ள புதுத் தசை வளர்ந்திருந்தது.

குடல் நூலால் தைப்பது நம்மவருக்குப் புதிதன்று. கொர்தோபா நகரத்தருகே வாழ்ந்து 1013-ல் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தம் அத்தஸ்ரீஃப் நூலில் அதை எழுதியிருக்கிறார். கிருமியைப் போக்கிய பின்பே அந்நூலை உள்ளே விடலாம் என்பதைச் சோதித்துக் காட்டியவர் லிஸ்டர். நூல் சீக்கிரம் கரைந்துவிடும் குறையைக் கண்டு, குரோமிக் ஆசிட்டில் பதப்படுத்தினார். 80 வயதிலும் இந்நூலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். இன்று பல நாடுகளில் ரசாயன நூல்கள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அவையும் உள்ளே கரைபவையே.

இன்னொரு சம்பவம். காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல, 1871 முதல் கார்பாலிக்கைப் பனிபோல் தெளிக்கும் கருவியை அவர் உபயோகித்தார். உலகமே அதை அவர் அடையாளமாகக் கொண்டது. வைத்தியர்களின் கைகள் புண்ணாயின. ஆயினும் சீடர்கள் விடவில்லை. ஆனால் காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே ஆபத்து என்பதையும், ரணத்தில் விழும் சில கிருமிகளைத் தேகத்தின் வெள்ளணுக்களே விழுங்கி அழிக்கின்றன என்று மெட்சினிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்டதையும் லிஸ்டர் ஏற்றார். 1890-ல் பெர்லின் நகரில் உலக வைத்தியர்கள் கூடிய மகாநாட்டில், அக்கருவியைச் சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 63, புகழின் உச்சி. அவர் பெயர் இதனால் குறைந்ததா? இல்லை. 1895-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார்; 1897-ல் பிரபு பட்டம் பெற்றார்.

1893-ல் மனைவி காலமானார், குழந்தைகள் இல்லை. லிஸ்டர் 1912 பிப்ரவரி 10-ந் தேதி இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் மன்னர்களின் நடுவே இடம் கிடைத்திருக்கும். அவரோ மனைவியின் பக்கத்திலேயே அடங்க விரும்பினார், அப்படியே ஆயிற்று.

சகோதரர்களே! மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி, அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் மதரஸாவிலேயே படித்தோம். லிஸ்டர் நம் மார்க்கத்தவரல்லர். எனினும் தம் குவியலுக்குள் தாமே கைவிட்டு, ஈரத்தை எடுத்து ஊரறியக் காட்டினார். வாங்குகிறவர் கண்டுபிடிக்குமுன் நம் சரக்கின் குறையை நாமே சொல்லும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? இதை எழுதும்போது நம் கடையின் அலமாரிகளை நாமே ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தத் தைரியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.