பாதாள ரயிலுக்கு முகம் தந்தவர்

மொழி தெரியாத ஊரில் வந்து இறங்குகிறவனுக்கு முதல் துணை யார்? பலகையிலுள்ள எழுத்து உதவாது; வழி கேட்டாலோ பதில் விளங்காது. நிறமும் வடிவமுமே கைகொடுக்கும். தமிழகம் விட்டு இங்கே படிக்க வந்த நம்மில் பலர் முதல் வாரத்திலேயே இதை அனுபவித்திருக்கிறோம். அத்தகைய துணையை ஒரு மாநகரம் முழுவதற்கும் அமைத்துத் தந்த பிராங்க் பிக் என்பவரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

பிக் 1878-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்பால்டிங் என்ற சிறு நகரில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். யார்க் நகரில் வளர்ந்து சட்டம் பயின்றார். ஓவியக் கல்வி பெற்றவரல்லர். 1902-ல் ஒரு ரயில்வே கம்பெனியில் சேர்ந்தார். 1906-ல் லண்டன் பாதாள ரயில் கம்பெனிக்கு வந்தார்.

அன்று அந்தக் கம்பெனி பெரும் நெருக்கடியில் இருந்தது. சுரங்கம் தோண்டக் கொட்டிய பணம் ஏராளம். எதிர்பார்த்த கூட்டமோ வரவில்லை. கம்பெனி செய்துவந்த விளம்பரம் சரியில்லை என்று பிக் குறை கூறி வந்தார். குறை சொன்னவர் தலையிலேயே 1908-ல் அந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார்கள்.

நிலையச் சுவர்களில் பிறருடைய வியாபார விளம்பரங்கள் தாறுமாறாக மண்டிக் கிடந்தன. நிலையத்தின் பெயர் அவற்றினிடையே மறைந்துபோயிற்று. பிக் அந்த விளம்பரங்களுக்கு அளவும் இடமும் வகுத்தார். நிலையப் பெயரோ, சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டையில் தனித்து நின்றது. ரயில் வந்து நிற்கும்போதே பயணியின் கண் அதைக் கண்டுகொண்டது.

அடுத்து, கம்பெனியின் சொந்தச் சுவரொட்டிகளைக் கவனித்தார். ரயிலைப் படம் போட்டுக் காட்டுவதை விட, ரயிலில் சென்று காணக்கூடிய சோலைகளையும் ஆற்றங்கரையையும் விலங்குக் காட்சிசாலையையும் தீட்டச் செய்தார். 1908-ல் ஜான் ஹாசல் வரைந்த நகைச்சுவைப் படம் வந்தது. 1915 முதல் மக்நைட் காஃபர் என்ற இளைஞரின் புதுமைச் சித்திரங்கள் வந்தன. ஒருவர் பாணி மற்றவருக்கு வராது. பிக் அதை வற்புறுத்தவும் இல்லை. ஆனால் தாளின் அளவும், ஒட்டும் இடமும், கம்பெனியின் பெயரும் நிலையாக நின்றன. படங்களைத் தேர்ந்த கண்ணும் ஒன்றே.

விஞ்ஞானம் படிப்பவனுக்கு இது சோதனைச்சாலைப் பாடமாகவே தோன்றுகிறது. எதை மாறிலியாக நிறுத்துவது, எதை மாற விடுவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தினால் பார்ப்பவனுக்குச் சலிப்பு. எல்லாவற்றையும் மாறவிட்டால் குழப்பம்.

எழுத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரிடம் தெளிவான ஓர் எழுத்து வடிவத்தைக் கேட்டு வாங்கினார். 1916-ல் அது வழக்கிற்கு வந்தது. 1931-ல் ஹாரி பெக் என்ற வரைவாளர் பாதைகளையெல்லாம் நேர்க்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும், மின்சுற்றுப் படம் போல ஒரு வரைபடமாக்கினார். கம்பெனி முதலில் அதை மறுத்தது. 1933-ல் வெளியிட்டபோது மக்கள் உவந்து ஏற்றார்கள். அதே ஆண்டில் பஸ், டிராம், பாதாள ரயில் யாவும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் வந்தன. அதன் தலைமை நிர்வாகியானவர் பிக்.

பழகுவதற்கு இனியவர் என்று அவரை எவரும் சொன்னதில்லை. கூச்சமும் கடுமையும் கலந்த மனிதர். பச்சை மையில் அவர் எழுதும் குறிப்பைக் கண்டாலே அலுவலர்கள் அஞ்சினர். தமக்கு வந்த பட்டங்களை அவர் ஏற்கவில்லை. 1940-ல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய லண்டன் மக்கள் அவர் ஒழுங்குபடுத்திய பாதாள நிலையங்களிலேதான் இரவுகளைக் கழித்தனர். 1941 நவம்பரில் பிக் காலமானார்.

நண்பர்களே, நம் சங்க அறிவிப்புகளைப் பாருங்கள். ஒரு மாதம் யாழ், மறு மாதம் கோபுரம், அதற்கடுத்து ஏதோ ஒரு பூ. எழுத்தும் நிறமும் எழுதுபவர் விருப்பம். முதலாண்டில் நானே அறிவிப்புப் பலகையைப் பலமுறை கடந்து சென்றும், நம்மவர் கூட்டங்கள் இரண்டைத் தவறவிட்டேன். வருகிற ஆண்டு, ஊரை நினைத்து ஏங்கியபடி அங்கே வந்து நிற்கப்போகும் புது மாணவனுக்காகவாவது ஒரு சின்னத்தையும் ஒரு நிறத்தையும் நிலையாக வைத்துக்கொள்வோம். படத்தை யார் வேண்டுமானாலும் வரையட்டும்.