ரூ.2,000-க்குக் கார் செய்ய நினைத்த ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஒன்று 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் மறைந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று அந்தப் பாலத்தில் ஓடும் கார்களில் ஒன்றுகூட அவர் செய்ததல்ல. ஆனால், சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய சிறிய காரை 1952-லேயே செய்து காட்டியவர் அவர். அந்தக் கார் ஏன் சாலைக்கு வராமல் போனது என்பதை மலேசியத் தமிழர்களும் தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பாக, வீட்டில் இயந்திரப் பித்துப் பிடித்த பிள்ளை இருந்தால் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பில் ஒட்டாத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியருக்கு அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கி, சில ஆண்டுகளிலேயே படிப்பை விட்டுவிட்டார். ஊரார் கண்ணுக்கு அவர் உருப்படாத பிள்ளை.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தக் கிராமத்துக்கு வந்தார். மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டியைப் பார்த்தறியாத ஊர் அது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டியின் மேல் அவருக்குத் தீராத ஆசை வந்தது. கோயம்புத்தூருக்குச் சென்று ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, ரட்ஜ் என்னும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியதோடு அவர் நிற்கவில்லை. அதைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். எந்தப் பகுதி எதற்கு என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார். எந்தப் பள்ளியும் தராத தொழில் கல்வி அவருக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஒரு பேருந்தில் தொடங்கியது

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் சம்பாதித்தார், பம்பாய்க்குப் போய் இழந்தார். ஊர் திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்தி வந்த ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920-ல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவையைத் தொடங்கினார் நாயுடு. ஓட்டுநரும் அவரே. அந்த ஒரு வண்டி பெருகி யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போகும் பேருந்து என்று மக்களிடம் நல்ல பெயர் எடுத்தது.

அந்தக் காலப் பேருந்துகள் எப்படி உருவாயின என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரமும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதன் மேல் உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும் மரத்தாலும் தகரத்தாலும் உடலைக் கட்டுவார்கள். பாதி அங்கே செய்தது, பாதி இங்கே செய்தது. அப்படிப்பட்ட வண்டிகளோடு வாழ்ந்த ஒருவருக்கு, அந்த மறுபாதியையும் நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்புதானே.

நாயுடுவின் பட்டறை பேருந்தோடு நிற்கவில்லை. 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து கோவை பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் மின்விசிறி என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளும். வாக்களிப்பில் மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார். பெரும்பாலானவை சாதாரண மக்களின் அன்றாடத் தேவைக்கான பொருள்கள்.

சாலைக்கு வராத கார்

1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு செய்து முடித்தார். விலை ரூ.2,000 மட்டுமே. கார் என்பது ஜமீன்தாருக்கும் பெரிய அதிகாரிக்கும் உரியது என்றிருந்த காலம் அது. அப்போது நாயுடுவுக்கு வயது 59.

ஆனால் தொழிற்சாலையில் தொடர்ந்து தயாரிக்க அரசாங்கத்தின் உரிமம் தேவைப்பட்டது. இந்தியாவில் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 1951-ஆம் ஆண்டுச் சட்டம், சரியாக 1952-ல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. யார் எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டில்லி முடிவு செய்தது. நாயுடுவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. கார் திட்டம் அத்தோடு நின்றது.

அரசின் பக்கம் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் அந்நியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு. இருப்பதைச் சில பெரிய நிறுவனங்களிடம் கொடுத்து, காரை முழுமையாக உள்நாட்டிலேயே செய்ய வைக்கலாம் என்று அரசு நினைத்தது. ஆனால் அந்த வழியில் மலிவான சிறிய கார் மக்களிடம் வந்து சேர வெகுகாலம் ஆனது. மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். நாயுடு தம் காரைச் செய்து 31 ஆண்டுகள் கழிந்த பிறகு, அவர் மறைந்து ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆன பிறகு.

அதே ஆண்டு, வேறொரு நாட்டில்

அதே 1952-ல் இங்கிலாந்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். காலின் சாப்மன் என்ற இளைஞர், லண்டனில் தம் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு 1948-ல் தமது முதல் காரைக் கட்டினார். 1952-ல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் இப்படிக் கார் கட்டுவது பலருக்குப் பொழுதுபோக்காகவும் சிலருக்குத் தொழிலாகவும் ஆனது. வழி எளியது. பழைய காரிலிருந்து இயந்திரம், கியர் பெட்டி, அச்சு, சக்கரம் ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள். மேலே உடல் மட்டும் புதிது. எஃகுத் தகட்டில் உடல் செய்ய வேண்டுமென்றால் பெரிய அழுத்த இயந்திரமும் விலை உயர்ந்த அச்சுகளும் வேண்டும். அது சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. கண்ணாடி நார் அப்படியல்ல. ஒரு வார்ப்பு இருந்தால் போதும். அதன் மேல் நார் விரிப்பை விரித்து, பிசினை ஊற்றி உருளையால் தேய்த்து, இறுகியதும் கழற்றினால் காரின் உடல் தயார். நம் ஊரில் பைபர் படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற அதே முறைதான். லோட்டஸ் நிறுவனமே 1957-ல் எலீட் என்ற காரை, தனி அடிச்சட்டம் இல்லாமல், கண்ணாடி நார் உடலையே ஆதாரமாகக் கொண்டு உருவாக்கியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கார்ப் பாகங்களுக்கு இல்லை. 1973 வரை இந்தச் சலுகை நீடித்தது. இதனால் சிறிய பட்டறைகள் பிழைத்தன. சாப்மன் உலகப் புகழ்பெற்றார். 1996-ல் நமது புரோட்டோன் நிறுவனம் லோட்டசையே வாங்கி, 2017 வரை கையில் வைத்திருந்தது.

லண்டன் கொட்டகையில் இருந்த இளைஞரைவிடக் கோவைப் பட்டறையில் இருந்தவருக்குத் திறமை குறைவு என்று சொல்ல முடியாது. அனுபவத்திலும் வசதியிலும் நாயுடுவே மூத்தவர். ஒருவருக்கு வழி திறந்திருந்தது, மற்றவருக்கு அடைத்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் விட்டுச் சென்ற பட்டறை

நாயுடு முடங்கிப் போகவில்லை. ஒரு பொருளைச் செய்ய உரிமம் வேண்டும், ஒரு பிள்ளைக்குத் தொழில் கற்றுக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. கார் செய்வதற்கு முன்பே இந்த வேலையில் இறங்கியிருந்தார். 1945-ல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய முன்னின்றவர் அவரே. கல்லூரியின் முதல் முதல்வராகவும் இருந்தார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுவே தொடக்கம். பீளமேட்டில் ஹோப் காலேஜ் என்ற நிறுத்தத்தின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

ஆனால் அங்கும் ஒரு கருத்து வேறுபாடு. பாடத்தைச் சுருக்கி, கைவேலையைக் கூட்டினால் குறைந்த காலத்திலேயே நல்ல தொழிலாளர்களை உருவாக்க முடியும், நான்கு ஆண்டுகள் தேவையில்லை என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். பிறகு தம் சொந்த இடத்திலேயே குறுகிய காலத் தொழில் பயிற்சிகளை நடத்தினார்.

1974 ஜனவரி 4 அன்று தம் 80-ஆவது வயதில் அவர் காலமானார். அவர் சேர்த்த இயந்திரங்களும் கருவிகளும் அவிநாசி சாலைக் கண்காட்சியில் உள்ளன. அருகிலேயே அவர் குடும்பத்தார் 2015-ல் பழைய கார்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றையும் திறந்தனர். கோவைக்குப் போகும் மலேசியத் தமிழர்கள், கோயில் பயணத்துக்கு நடுவே பிள்ளைகளை அங்கேயும் அழைத்துச் சென்றால் அரை நாள் வீண்போகாது.

அலோர் காஜாவுக்கு ஒரு செய்தி

அலோர் காஜா மாவட்டத்துக்கும் கார் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெகோ தொழிற்பேட்டையில் ஹோண்டா தொழிற்சாலை 2003 முதல் இயங்கி வருகிறது. தாபோ நானிங்கில் அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ரெம்பியாவிலோ டுரியான் துங்காலிலோ பூலாவ் செபாங்கிலோ உள்ள ஒரு குடும்பம், திவெட் கல்விக்காகப் பிள்ளையை வெகுதூரம் அனுப்ப வேண்டியதில்லை.

எஸ்பிஎம் தேர்வில் நல்ல மதிப்பெண் வராத பிள்ளை வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதுண்டு. அதே பிள்ளை பழைய மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதில் கெட்டிக்காரனாக இருப்பான். அவனை உருப்படாதவன் என்று சொல்வதற்கு முன் கலங்கல் கிராமத்துப் பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். பட்டறையில் எடுபிடியாக நிற்பதோடு விட்டுவிடாமல், சான்றிதழ் தரும் பயிற்சியில் சேர்த்துவிடுவது பெற்றோரின் கடமை. காரின் உடலையோ இயந்திரத்தையோ மாற்ற விரும்பினாலும், ஜேபிஜே அனுமதியை முறைப்படி எப்படிப் பெறுவது என்பது தொழில் தெரிந்தவனுக்கே விளங்கும்.

நாயுடுவுக்கு 1952-ல் அடைபட்ட கதவு இன்று நம் பிள்ளைகளுக்கு முன் அடைபட்டிருக்கவில்லை. தட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.