இந்திரலால் ராய்

இந்திரலால் ராய் (டிசம்பர் 2, 1898 - ஜூலை 22, 1918) முதல் உலகப் போரில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய இந்தியப் போர் வானோடி ஆவார். பத்து வான்வெற்றிகளைப் பெற்ற இவர், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எதிரி வானூர்திகளை வீழ்த்தியவர்களுக்கு வழங்கும் ஏஸ் என்ற சிறப்பைப் பெற்ற முதல் இந்தியராவார்.

இளமையும் கல்வியும்

இவர் கொல்கத்தாவில் பியாரிலால் ராய், லலிதா ராய் இணையருக்குப் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். இவர்களின் பூர்வீகம் இன்றைய வங்காளதேசத்தின் பரிசால் பகுதியாகும். அண்ணன் பரேஷ்லால் ராய் இந்தியக் குத்துச்சண்டையின் முன்னோடிகளுள் ஒருவர். இந்திரலால் இலண்டனில் உள்ள புனித பவுல் பள்ளியில் பயின்றார்.

வான்படையில் சேர்தல்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராயல் ஃபிளையிங் கோர் படையில் சேர விண்ணப்பித்தார். பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார் என்றும், அதன் பின்னரே முடிவு மாற்றப்பட்டது என்றும் கூறப்படுகிறது. 1917 ஏப்ரலில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, ஜூலை 5 அன்று இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அப்போது இவருக்கு வயது 18. பயிற்சிக்குப் பின் அக்டோபர் இறுதியில் 56ஆம் படைப்பிரிவில் இணைந்தார்.

விபத்து

1917 டிசம்பர் 6 அன்று இவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ வகை வானூர்தி விபத்துக்குள்ளானது. இறந்துவிட்டதாகக் கருதிப் பிணவறையில் கிடத்தப்பட்ட இவர், நினைவு திரும்பிக் கதவைத் தட்டியதாக ஒரு செய்தி உண்டு. சிகிச்சைக் காலத்தில் வானூர்திகளின் ஓவியங்கள் பலவற்றை வரைந்தார். பறக்கத் தகுதியற்றவர் என மருத்துவர்கள் அறிவித்தபோதும், விடாமல் வற்புறுத்தி மீண்டும் பறக்க அனுமதி பெற்றார்.

போர்க்களம்

1918 ஜூனில் 40ஆம் படைப்பிரிவில், கேப்டன் ஜார்ஜ் மெக்எல்ராயின் தலைமையின் கீழ்ப் பணியமர்த்தப்பட்டார். அவரிடம் வான்போர் நுட்பங்களைக் கற்றார். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள் பெற்றார். அவற்றுள் இரண்டு பிறருடன் பகிர்ந்துகொண்டவை. ஜூலை 8 அன்று மட்டும் சில மணி நேரத்தில் மூன்று வானூர்திகளை வீழ்த்தினார்.

மறைவு

கடைசி வெற்றிக்கு மூன்று நாட்களுக்குப் பின், பிரான்சின் கார்வின் நகருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் டி.7 வானூர்திகளுடன் நடந்த சண்டையில் வீழ்த்தப்பட்டு இறந்தார். இருபது வயது நிறைவடைய நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தன. இவரது கல்லறை பிரான்சில் எஸ்தவெல் என்னும் ஊரில் உள்ளது. இவருக்குப் போர் நுட்பம் கற்பித்த மெக்எல்ராயும் அதே மாதம் 31ஆம் நாள் போரில் உயிரிழந்தார்.

சிறப்புகள்

1918 செப்டம்பரில், மறைவுக்குப் பின், டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. இதனைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. இவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1932 அக்டோபர் 8 அன்று இந்திய வான்படை தொடங்கப்பட்டது. 1998இல் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை இவரது அஞ்சல் தலையை வெளியிட்டது.