சௌந்தரபாண்டியனார்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். மழை குறைந்த நாடாயினும் உழைப்பிற் குறையாத நாடு அது. பருத்தியும் மிளகாய் வற்றலும் விருதுநகர்ப் பேட்டைக்கு வண்டி வண்டியாக வந்து குவியும். இன்று தனி மாவட்டமாக விளங்கும் இப்பகுதி, 1910 முதல் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டக் கழகத்தின் தலைவராக வீற்றிருந்து, எளியோருக்கு அரும்பணி ஆற்றியவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார்.

இவர் 1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், பழனிமலைச் சாரலை அடுத்த பட்டிவீரன்பட்டியில் நாடார் குலத்துச் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் உடைய குடும்பம் அது. வறுமை இன்னதென அறியாது வளர்ந்தாரேனும், இழிவு இன்னதென அறியாது வளர்ந்தாரல்லர். அக்காலத்தில் நாடார் குலத்தவர் திருக்கோயிலுள் நுழைய முடியாது. கமுதிக் கோயிலுள் அவர்கள் புகுந்தமை வழக்காயிற்று. அவ்வழக்கு கடல் கடந்து இலண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு முன்னரே, 1899இல், சிவகாசியில் கோயில் நுழைவு பற்றி மூண்ட பூசல் பெருங்கலகமாக வெடித்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன, பொருள்கள் சூறையாடப்பட்டன, உயிர்களும் மாண்டன. அப்போது சௌந்தரபாண்டியனார் ஐந்து வயதுச் சிறுவர். வீட்டுத் திண்ணைகளில் பெரியோர் பேசக் கேட்ட அச்செய்திகள் அப்பிஞ்சு உள்ளத்திற் பதியாமலா இருந்திருக்கும்?

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920ஆம் ஆண்டில் இவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். பின்னர் 1928 முதல் 1930 வரை இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக விளங்கினார். ஜில்லா போர்டு என மக்கள் வழங்கிய அக்கழகத்தின் பொறுப்புகள் பெரியன. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் அதன் மேற்பார்வையில் இருந்தன. பெருஞ்சாலைகளைப் போடுவதும் பேணுவதும் அதன் கடன். அச்சாலைகளில் கூலிக்கு ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு உரிமம் வழங்குவதும் அதன் கையிலேயே இருந்தது. இவ்வுரிமமே பின்னர்ப் பெருங்கருவியாயிற்று.

பேருந்து அந்நாளிற் புதிது, தீண்டாமையோ பழையது. பழையது புதியதிலும் ஏறி அமர்ந்துகொண்டது. ஆதித்திராவிட மக்கள் உரிய கட்டணத்தைக் கையில் ஏந்தி நின்றாலும், அவர்களை ஏற்ற வண்டிக்காரர் பலர் மறுத்தனர். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் அம்மக்களுக்கு உரிமை உண்டென 1924ஆம் ஆண்டிலேயே அரசு ஆணை பிறந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயன் அது. ஆயினும் ஏட்டில் எழுதிய உரிமை சாலைக்கு வந்து சேரவில்லை. நோயுற்ற பிள்ளையைத் தோளிற் சுமந்து மருத்துவரை நாடிச் செல்லும் தந்தை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தன்னைக் கடந்து செல்லும் வண்டியைப் பார்த்தபடியே நடந்தாக வேண்டும்.

சௌந்தரபாண்டியனார் இதற்கென மேடையேறி முழங்கவில்லை. அறிவுரைத் தாள்களை அச்சிட்டு வழங்கவுமில்லை. ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் நீக்கப்படும் என்று உரிமையாளர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். பேருந்தோ பெரும்பொருள் முடக்கி வாங்கிய உடைமை. உரிமம் போயின் அது வெறும் இரும்பே. அறத்திற்குச் செவி சாய்க்காதவரும் இதற்குச் செவி சாய்த்தே தீரவேண்டும். ஆட்சிப் பொறுப்பின் திறம் அறிந்தவர் செய்யும் செயல் இத்தகையது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அவ்வாணை பிறந்த காலத்தில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயில் அவர்தம் குலத்தார்க்கே திறக்கப்படவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆதித்திராவிடர் ஐவரும் விருதுநகர் நாடார் ஒருவரும் அக்கோயிலுள் ஒருங்கே நுழைந்தனர். தம்மவர்க்குரிய கதவு மூடிக் கிடக்கையிலேயே, தம்மினும் தாழ்த்தப்பட்டார்க்குரிய கதவைத் தம் கைக்கு எட்டிய இடத்தில் அவர் திறந்தார். முதலில் தம் இனம் உயரட்டும், பிறரை அப்புறம் பார்க்கலாம் என்று அவர் இருந்திருந்தால், குறை கூறுவார் அக்காலத்தில் மிகச் சிலரே.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்கு இவரே தலைமை தாங்கினார். பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுதலை விடுவது என அங்கு முடிவாயிற்று. நாடார் மகாசன சங்கத்தின் தூண்களில் ஒருவராய் விளங்கிய இவர், தம் பெயரிலிருந்த நாடார் என்னும் பட்டத்தை நீக்கிக்கொண்டார். தம் குலச் சங்கத்திற்கு உழைத்த ஒருவர் குலப் பட்டத்தைத் துறப்பது எளிதன்று. அவர்தம் சுற்றத்தாருள் அதனை விரும்பாதவரும் இருந்திருப்பர்.

சௌந்தரபாண்டியனார் 1953ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இயற்கை எய்தினார். சென்னைத் தியாகராய நகரில், பாண்டி பஜார் என மக்கள் வழங்கும் கடைத்தெரு சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அத்தெருவிற்குப் பேருந்துகளில் மக்கள் வந்து இறங்குகின்றனர்.