பொன்னேரி வயலில் கட்டும் முட்டை அட்டை... 3,000 குளவிகளுக்குப் பெயர் வைத்த ஜிரோ யார்?

பொன்னேரி பக்கம் நெல் வயலில் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளைக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அதில் ஒட்டியிருப்பது அந்துப்பூச்சி முட்டைகள். அந்த முட்டைகளுக்குள் வளர்வது டிரைக்கோகிரம்மா எனும் ஒட்டுண்ணிக் குளவி. நீளம் அரை மில்லிமீட்டர்தான். வெளியே வந்ததும் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் முட்டைகளைத் தேடிப்போய், அவற்றுக்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு பொரிப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.

இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கும் விடப்படும் குளவியின் பெயர் டிரைக்கோகிரம்மா சிலோனிஸ். ஆனால் இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் பல காலம் அதற்கு டிரைக்கோகிரம்மா ஆஸ்திரேலிகம் என்றுதான் பெயர். 1912-இல் ஆஸ்திரேலியக் குளவி ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அலெக்சாண்டர் ஆர்சன் ஜிரோ.

ஜிரோ 1884-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தவர். 1911-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போனார். வேலை, கரும்பு வேரைத் தின்னும் புழுக்களைப் பற்றி ஆராய்வது. ஆனால் மனுஷன் கண் போனது குளவிகள் பக்கம். அதுவும் கண்ணுக்கே தெரியாத கால்சிட் வகைக் குளவிகள். நடுவில் சில வருடம் அமெரிக்கா திரும்பினாலும், 1917-இல் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே வந்துவிட்டார். வாழ்நாளில் 3,000-க்கும் அதிகமான புதிய இனங்களை அவர் விவரித்தார்.

பூச்சியியல் என்றால் பயிரைக் காப்பாற்றத்தான் என்பது அரசின் எதிர்பார்ப்பு. காசுக்காகச் செய்வது அறிவியலே அல்ல என்பது ஜிரோவின் பிடிவாதம். சம்பளம் கொடுப்பவர்களிடமே இதைச் சொன்னால் என்ன ஆகும்? மோதல்தான். கட்டுரைகளை வெளியிட ஆளில்லாமல் போக, சொந்தக் காசில் துண்டுப் பிரசுரங்களாக அச்சடித்தார். புதிய குளவியின் விவரிப்புக்கு நடுவே அதிகாரிகளைக் கிண்டல் அடிப்பார். இல்லிங்வொர்த் என்ற சக பூச்சியியலாளரைச் சீண்ட, இல்லாத ஒரு பூச்சிக்கு ஷில்லிங்ஸ்வொர்த்தியா என்று பெயர் வைத்து அறிவித்ததுதான் உச்சம்! பிடித்தவர்களுக்கு வேறு மரியாதை. இலைப்பேனைத் தாக்கும் ஒரு குளவிக்கு கோத்தே, ஷேக்ஸ்பியர் இருவர் பெயரையும் சேர்த்து கோத்தியானா ஷேக்ஸ்பியரி என்று வைத்தார். அந்தப் பெயர் இன்றும் செல்லும்.

வீட்டில் நிலைமை வேறு. வறுமை, ஐந்து பிள்ளைகள். 1931-இல் மனைவி எலிசபெத் இறந்தார். ஜிரோவின் மனநலமும் சரிந்தது. மனநல மருத்துவமனை வரை போன அவர், 1941 மே 2-இல் இறந்தார்.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு இனங்கள் ஒன்றோடொன்று இனம் சேராமல் போகலாம், வேறு வேறு பூச்சியின் முட்டையைத் தேடலாம். தப்பான இனத்தை வளர்த்து வயலில் விட்டால் செலவு மட்டும்தான் மிச்சம். நிறத்தை நம்பவும் முடியாது. வளரும் வெப்பநிலையைப் பொறுத்து அது மாறிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. சுதா நாகர்கட்டி, எச்.நாகராஜா இருவரும் குளவிகளைக் கலப்பினம் செய்து பார்த்தார்கள். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் நம்பகமான அடையாளம் என்று 1971-இல் விளக்கமாகக் காட்டினார்கள். இந்தியாவில் ஆஸ்திரேலிகம் என்று அழைக்கப்பட்டது உண்மையில் சிலோனிஸ் என்பது 1979-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் தெளிவானது. காசுக்கான பூச்சியியலை வெறுத்தவரின் பெயர், விவசாயிக்கு மிகவும் உதவிய குளவியின் மேல் அதுவரை தப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கால்சிட் குளவிகளின் உறவுமுறையை இப்போது மரபணுவை வைத்துப் பார்க்கிறார்கள். 2022-இல் அவை 50 குடும்பங்களாக மறுவகைப்படுத்தப்பட்டன. ஆனாலும் ஆஸ்திரேலிய இனம் என்று வந்துவிட்டால் ஜிரோவின் மாதிரிகளைப் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலானவை பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உடல் ஒரு அட்டையில், தலை ஒரு கண்ணாடித் தகட்டில், சில தகடுகளில் நாலைந்து இனங்கள் ஒன்றாக! எது எது என்று பிரித்துப் பட்டியல் போடும் வேலையை எட்வர்ட் டாம்ஸ் 1978-இல் வெளியிடத் தொடங்கினார். அது முடிய 1980-கள் ஆகிவிட்டன.