தையல் தொழிலாளி கற்ற இயற்கணிதம்

கணக்கில் கெட்டிக்காரர் என்றால் படிகளைத் தாண்டி விடையைச் சொல்பவர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, இந்த எண்ணம் வகுப்பறையில் செய்யும் கேடு நன்கு தெரியும். வினாவின் கீழ் விடையை மட்டும் எழுதிவிட்டு, இடைப்பட்ட வரிகள் எங்கே என்று கேட்டால் அவமதிக்கப்பட்டதுபோல் பார்க்கும் மாணவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்லிவந்தது லியோனார்டு ஆய்லரின் வாழ்க்கையை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707 ஏப்ரல் 15 அன்று பிறந்தவர் ஆய்லர். தந்தை கிறிஸ்தவ மதபோதகர். இளமையில் ஜேக்கப் பெர்னூலியிடம் கணிதம் கேட்டவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. அவர் கையில் கொடுத்தது, 16-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோப் ருடால்ஃப் எழுதிய இயற்கணித நூல். இன்றைய குறியீடுகள் பல நிலைபெறாத காலத்து நூல் அது, பெரியவர்களையே திணறடிக்கக்கூடியது. அதன் கணக்குகளில் பெரும்பாலானவற்றைச் சிறுவயதிலேயே போட்டு முடித்தார் ஆய்லர்.

பதின்மூன்று வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, ஜேக்கப்பின் தம்பியும் ஐரோப்பாவின் முன்னணிக் கணித மேதையுமான யோஹான் பெர்னூலி அங்கே பேராசிரியர். தனிப்பாடம் நடத்த அவருக்கு நேரமில்லை. படிக்க வேண்டிய நூல்களைச் சொல்லி, விளங்காத இடங்களைச் சனிக்கிழமைப் பிற்பகலில் கொண்டுவரச் சொன்னார். வாரம் முழுவதும் தானே முட்டிமோதி, உண்மையிலேயே கடக்க முடியாத தடைகளை மட்டும் எடுத்துச் சென்றார் மாணவர். ஓர் ஐயம் தீர்ந்தால் அதனுடன் பத்து ஐயங்கள் தாமாகவே மறைந்தன என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுப்பாடம் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

1727-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்குப் போனார். 1733-இல் கணிதப் பேராசிரியரானார். உயர்கணிதத்தில் புகழ் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அக்கழகத்தின் பள்ளி மாணவர்களுக்காகக் கூட்டல், கழித்தல், பின்னம் பற்றிய எண்கணிதப் பாடநூல் எழுதினார். அதன் முதற்பகுதி 1738-இல் வெளிவந்தது. காரணம் அறியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், சற்றே மாறிய கணக்கைக் கண்டதும் தடுமாறுவார் என்பது அந்நூலின் அடிப்படை. ஏறத்தாழ அக்காலத்திலேயே வலக்கண்ணின் பார்வை போயிற்று.

1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லினில் கழிந்தன. மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு நயமான பேச்சும் தத்துவ விவாதமும் வேண்டியிருந்தன. எளிய சமயப்பற்றுள்ள, ஒற்றைக்கண் கணக்காளர் அவருக்குக் கேலிப்பொருளானார். 1766-இல் ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். வந்த சில மாதங்களில் இடக்கண்ணையும் புரை மறைத்தது.

அந்த நிலையில்தான் அவர் முழுமையான இயற்கணித நூலொன்றை வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினார். எழுதிக்கொண்டவர், தையல் தொழில் பயின்ற ஓர் இளம் பணியாள். சாதாரண எண்கணிதத்துக்கு அப்பால் பயிற்சியில்லாதவர். அறிவிலும் நடுத்தரமானவர் என்றே நூலின் முன்னுரை சொல்கிறது. சொல்லச் சொல்ல எழுதியவர், எழுதி முடித்தபோது இயற்கணிதக் கணக்குகளைப் பிறர் துணையின்றித் தாமே போடும் திறம் பெற்றிருந்தார். ரஷ்ய மொழிபெயர்ப்பு 1768-லும் 1769-லும், ஜெர்மன் மூலம் 1770-லும் வெளிவந்தன.

அந்நூலின் ஒரு கணக்கு: இரு பெண்கள் சேர்ந்து 100 முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். எண்ணிக்கை வேறு, ஆனால் விற்றுப் பெற்ற தொகை ஒன்றே. உன் முட்டைகள் என்னிடம் இருந்திருந்தால் 15 காசு கிடைத்திருக்கும் என்கிறார் முதற்பெண். உன்னுடையவை என்னிடம் இருந்திருந்தால் 20/3 காசுதான் கிடைத்திருக்கும் என்கிறார் மற்றவர். யாரிடம் எத்தனை?

நம் பள்ளி முறையில் போட்டுப் பார்ப்போம். முதற்பெண்ணின் முட்டைகள் க என்றால், மற்றவருடையவை 100 – க. முதற்பெண் விற்ற விலையில் 100 – க முட்டைகளுக்கு 15 காசு; எனவே அவருடைய க முட்டைகளுக்குக் கிடைத்தது 15க/(100 – க). மற்றவரின் விலையில் க முட்டைகளுக்கு 20/3 காசு. எனவே அவர் பெற்றது 20(100 – க)/3க. இரண்டும் சமம். குறுக்கே பெருக்கினால் 45க² = 20(100 – க)². ஐந்தால் வகுத்தால் 9க² = 4(100 – க)². வர்க்கமூலம் எடுத்தால் 3க = 2(100 – க); அதாவது 5க = 200, க = 40. (எதிர்க்குறி மூலம் –200 தரும், முட்டைக்கு அது பொருந்தாது.) மற்றவரிடம் 60. சரிபார்த்தால், முதற்பெண் ஒரு முட்டையைக் கால் காசுக்கு விற்றிருக்கிறார், மற்றவர் ஆறில் ஒரு காசுக்கு. இருவருக்கும் 10 காசு.

இதில் எந்த வரியை நீக்கினாலும் அந்தத் தையல் தொழிலாளி நின்றுவிடுவார். ஆய்லரின் அளவுகோல் அதுவே. எதிர்க்குறி எண்ணைக்கூட அவர் கடனாகவே அறிமுகப்படுத்துகிறார். இரு எதிர்க்குறி எண்களின் பெருக்கம் ஏன் நேர்க்குறி என்பதற்கு அவர் தரும் காரணத்தில் இன்றைய கணிதவியலாளர் குறை காணலாம். ஆனால் காரணம் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை.

படிகளைத் தாண்ட முடியாதவர் அல்லர் அவர். நீண்டதொரு தொடரைக் கூட்டிய இரு மாணவர்களின் விடைகள் ஐம்பதாம் இலக்கத்தில் வேறுபட, மனத்திலேயே கூட்டிப் பிழையைக் கண்டாராம். பொருளாதாரத்தில் நாங்கள் பங்கீட்டுக் கோட்பாட்டுக்குப் பயன்படுத்தும் தேற்றமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. உழைப்புக்கும் முதலுக்கும் அவற்றின் இறுதிநிலை உற்பத்தியளவே கொடுத்தால் மொத்த விளைபொருள் மிச்சமின்றித் தீருமா என்ற கேள்விக்கு, மாறா விளைவு நிலவும்போது தீரும் என்று காட்டுவது அதுவே. நிரூபணம் சில வரிதான். அதை எழுதிப் பார்க்காமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், மாறா விளைவு என்ற நிபந்தனையைத்தான் முதலில் மறந்தார்கள்.

1771-இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொற்று ஏற்பட்டு, எஞ்சிய பார்வையும் ஏறத்தாழப் போயிற்று. அவ்வாண்டே வீடும் தீக்கிரையானது. கட்டுரைகள் நிற்கவில்லை, பிள்ளைகளும் மாணவர்களும் எழுதிக்கொண்டார்கள். 1783 செப்டம்பர் 18 அன்று, வழக்கம்போல் பேரக்குழந்தைகளில் ஒருவருக்குக் கணிதப் பாடம் சொன்னார். பிறகு, அவ்வாண்டு பறக்கத் தொடங்கியிருந்த பலூன்கள் எவ்வாறு மேலெழும் என்று பலகையில் சுண்ணக்கட்டியால் கணக்கிட்டார். மாலையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, அன்றிரவே காலமானார்.